தாத்தாவின் பென்ஷனை ஆயா பெயருக்கு மாற்றிய கதை

தாத்தா மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்தவர். போன வருடம் தவறிவிட்டார். காரியம் முடிந்த கையோடு, ஆயாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்கித் தருகிற வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் வேலூர் பக்கம் தெருவுக்கு நாலு மிலிட்டரிக்காரர் வீடு உண்டு, யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

பாதி வேலையைத் தாத்தாவே முடித்து வைத்திருந்தார். அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ என்கிற ஓய்வூதிய ஆணையின் நகல், இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ எல்லாம் கவர் கவராக இருந்தது, மேல் கவரில் 'ஃபேமிலி பென்ஷனுக்கு' என்று அவர் கையெழுத்து. 1971 சண்டைக்கு வாங்கிய பஷ்சிமி ஸ்டார் மெடல் கைக்குட்டையில் சுருட்டி அடியில் கிடந்தது. பேரப்பிள்ளைகள் சண்டையைப் பற்றிக் கேட்டால் மேற்கு எல்லையில் சகர்கர் பக்கத்துக் குளிரைப் பற்றித்தான் சொல்லுவார்.

இறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் தெரிவித்தோம். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். ராணுவ ஆவணத்தில் ஆயாவின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, பிறந்த தேதியும் ஒத்துப்போகவில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பொறுமையாக வழி சொன்னார்கள். பிரமாணப் பத்திரம், ஆதார் நகல் இதையெல்லாம் சேர்த்து குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இருக்கிற ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பினோம். மாதக்கணக்கில் இழுத்தது. உங்கள் வீட்டில் பென்ஷன் வாங்குகிறவர் இருந்தால் இன்றைக்கே ராணுவ ஆவணத்தையும் ஆதாரையும் எடுத்து ஒத்துப் பாருங்கள், கையெழுத்துப் போட அவர் உயிரோடு இருக்கும்போது இது சின்ன வேலை.

இதற்கான படிவத்தில் கையெழுத்து போடும்போது ஆயாவுக்குக் கை நடுங்கியது. கைநாட்டே போதும் என்றார் அலுவலகத்தில் இருந்தவர். ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் மணியார்டர் வரும்போதெல்லாம் தபால்காரர் முன்னால் ஆயா கட்டைவிரலை நீட்டுவது தாத்தாவுக்குப் பிடிக்காதாம், லீவில் வந்த சமயம் ஸ்லேட்டு வாங்கிவந்து பெயர் எழுதப் பழக்கியிருக்கிறார். "அவரு சொல்லிக் குடுத்தது இருக்குது, மை எதுக்கு" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு முடித்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

வங்கியில் வேறு கூத்து. தாத்தாவும் ஆயாவும் கூட்டுக் கணக்கு வைத்திருந்தார்கள், குடும்ப ஓய்வூதியத்தை அதிலேயே வரவு வைக்கலாம், ஆனாலும் கவுண்டரில் இருந்தவர் புதுக் கணக்குத்தான் என்று நின்றார். மேலாளரிடம் போன பிறகு சரியானது. அப்புறம் ஒன்று, இறந்த தேதிக்குப் பிறகு வந்து விழுந்த பென்ஷனைத் தொடாதீர்கள், திரும்பப் பிடித்துக்கொள்வார்கள்.

தொகை குறையும் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாத்தா 67 வயதைத் தாண்டித் தவறியதால் ஆயாவுக்குச் சாதாரண விகிதம்தான், அதாவது கடைசிச் சம்பளக் கணக்கில் 30 சதவீதம். 80 வயதானால் அதன்மேல் 20 சதவீதம் கூடும். முன்னாள் படைவீரர்களுக்கான இசிஹெச்எஸ் மருத்துவ வசதி விதவைக்கும் உண்டு, அட்டையை மாற்ற விண்ணப்பித்திருக்கிறோம். வருடா வருடம் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். விரல் ரேகை தேய்ந்துபோனவர்களுக்கு மொபைலில் முகத்தைக் காட்டிப் பதிகிற வசதி இருக்கிறது, ஆயாவுக்கு அதுதான் சரிப்படும்.