கேட்ஸ் பணத்திலிருந்து அரசுப் பணத்துக்கு: ஒரு டி.ஐ. திட்டக் கணக்காளரின் அனுபவம்

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்த நாளிலிருந்து, நோய்த் தடுப்புப் பணிகளை அந்தந்த நாட்டு அரசுகளே ஏற்று நடத்த வேண்டும் என்ற பேச்சு பல இடங்களில் எழுந்திருக்கிறது. அரசு ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு சிறு தொண்டு நிறுவனத்தின் கணக்கு மேசையில் என்ன நடக்கும் என்பதை 2012இலேயே பார்த்தவன் என்ற முறையில், இப்போது அந்த வரிசையில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கேட்ஸ் அறக்கட்டளையின் அவாஹன் திட்டம் 2003இல் தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், மணிப்பூர், நாகாலாந்து ஆகிய ஆறு மாநிலங்களில் தொடங்கியது. பாலியல் தொழிலாளர்கள், திருநங்கையர், ஊசி மூலம் போதைப்பொருள் எடுப்போர் முதலானோரிடையே நடந்த, டி.ஐ. (இலக்கு சார்ந்த தலையீடு) எனப்படும் அந்த எச்.ஐ.வி. தடுப்புப் பணியை நேக்கோ எனப்படும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பிடம் ஒப்படைக்கும் வேலை, 2009இல் ஏறத்தாழ பத்து சதவீதம், 2011இல் இருபது, 2012இல் மீதி எழுபது என்று மூன்று கட்டமாக நடந்தது. முதல் கட்டத்தில் போனவர்கள் போதிய ஆயத்தமின்றிப் போய்த் தடுமாறினார்கள். கடைசிக் கட்டத்தில் போன எங்களுக்குப் பயிற்சி, புதிய அறிக்கைப் படிவங்கள், சம்பள விகிதங்களை நேக்கோ அளவுக்குக் குறைப்பது எல்லாம் முன்கூட்டியே முடிந்துவிட்டன. ஒப்பந்தத்தில் கையெழுத்தும் சிக்கலில்லாமல் ஆனது.

சிக்கல் வங்கியில் தொடங்கியது. வெளிநாட்டு நன்கொடையை முறைப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி வெளிநாட்டுப் பணம் வரும் கணக்கில் உள்நாட்டுப் பணத்தைப் போடக் கூடாது. எனவே அரசு மானியத்துக்குத் தனிக் கணக்கு தேவை என்பது எங்களுக்குத் தெரியும். வங்கிக் கிளைக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே கணக்கு இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்டார்கள். பிறகு நிர்வாகக் குழுத் தீர்மானத்தில் கூட்டுக் கையெழுத்து இடுவோரின் பெயரோடு பதவியும் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். திருத்திக் கொண்டுபோனால் மேலாளர் விடுப்பில் இருந்தார். கணக்கு எண் கிடைக்காமல் முதல் தவணை வராது. ஒப்படைப்புத் தேதிக்கு நெடுநாள் முன்பே இந்தக் கணக்கைத் திறந்துவிடுங்கள். இன்னொன்று: அரசுப் பணம் தாமதமானால் எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கிலிருந்து கைமாற்றாக எடுத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பின்னால் நிறுவனத்தின் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவே போய்விடலாம்.

அவாஹன் காலத்தில் காலாண்டு தொடங்கும் முன்பே பணம் கணக்கில் இருக்கும். செலவழித்துவிட்டுக் கணக்கு காட்டுவோம். அரசு முறையில் முந்தைய தவணையின் பயன்பாட்டுச் சான்றிதழ் ஏற்கப்பட்ட பிறகுதான் அடுத்த தவணைக் கோப்பு நகரும். அப்போது அது 19-ஏ படிவம். எங்கள் சான்றிதழை வாங்கிப் பார்த்த, மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் கணக்குப் பிரிவு அலுவலர், சேமிப்புக் கணக்கில் சேர்ந்த வட்டியைத் தனி வரியில் காட்டவில்லை என்று திருப்பினார். சில நூறு ரூபாய் வட்டி. காட்டிக் கொண்டுபோனோம். தணிக்கையாளரின் முத்திரையில் உறுப்பினர் எண் தெளிவாக இல்லை என்று மறுபடி திருப்பினார். எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் சொல்ல அந்த மேசைக்கு மனம் வரவில்லை. கடைசியில் நான் கண்ட வழி, ஆட்சேபங்களை எழுத்தில் கேட்டதுதான். எழுதித் தர வேண்டும் என்றதும் குறைகள் குறைந்துவிட்டன. 2017இன் பொது நிதி விதிகளுக்குப் பிறகு படிவம் 12-ஏ ஆகிவிட்டது. வட்டியை வைத்துக்கொள்ளவும் முடியாது, இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் வங்கிப் புத்தகத்தைப் பதிந்து வட்டித் தொகையைக் குறித்துவைப்பவர்களுக்கு இந்த இடத்தில் அலைச்சல் மிச்சம்.

மருத்துவப் பக்கத்தில் இழந்தது அதிகம். எங்களுக்கென்று மருத்துவரும் செவிலியரும் இருந்த சொந்தக் கிளினிக்குக்குப் புதிய செலவு வரம்பில் இடமில்லை. அதற்குப் பதில், எங்கள் திட்டத்தில் இருந்த பெண்களை அவர்கள் நம்பிச் செல்லும் தனியார் மருத்துவரிடம் அனுப்பி, ஆலோசனை ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் கொடுக்கும் ஏற்பாடு. மருத்துவர்கள் சிலர் அந்தத் தொகையைக் கேட்டுச் சிரித்தார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு வயதான மருத்துவர் மட்டும், மாலை கூட்டம் குறைந்த நேரத்தில் வரச் சொல்லுங்கள் என்று ஒப்புக்கொண்டார். பால்வினை நோய்களுக்கான மருந்துகள் நிறவாரியான பெட்டிகளாக (கிட்) அரசிடமிருந்து இலவசமாக வந்தன. ஆனால் ஏழு நிறமும் ஒன்றாக வந்ததாக எனக்கு நினைவில்லை. அதிகம் தேவைப்பட்ட சாம்பல் நிற முதல் கிட் தீர்ந்திருக்கும். எப்போதாவது கேட்கப்படும் சிவப்புப் பெட்டி அலமாரியில் அடுக்கடுக்காக இருந்து காலாவதியாகும். இருப்புப் பதிவேட்டில் காலாவதித் தேதிக்கு ஒரு பத்தி போட்டு, பக்கத்து மாவட்ட நிறுவனத்தோடு எழுத்து மூலம் பெட்டிகளை மாற்றிக்கொண்டுதான் சமாளித்தோம்.

நாங்கள் அரசுப் பணம் என்று சொன்னதில் உலக வங்கிக் கடனும் குளோபல் ஃபண்ட் என்ற பன்னாட்டு நிதியத்தின் பணமும் கலந்தே இருந்தன. எங்கிருந்து கிளம்பியது என்பது எங்கள் மேசைக்கு முக்கியமில்லை. எந்த வழியாக வருகிறது என்பதுதான் முக்கியம் என்று 2014இல் புரிந்தது. அதுவரை நேக்கோவிடமிருந்து மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்களுக்கு நேராகப் போன பணம், அந்த நிதியாண்டு முதல் மாநிலக் கருவூலங்கள் வழியாகப் போகத் தொடங்கியது. டெல்லி அனுப்பிவிட்டது என்று செய்தி வரும். கருவூலத்தில் அரசாணைக்காகக் காத்திருக்கும். நாடு முழுவதும் டி.ஐ. நிறுவனங்களில் சம்பளம் மாதக்கணக்கில் நின்றது. அலுவலக வாடகையை வீட்டுக்காரரிடம் தவணை சொல்லித் தள்ளினோம். தெருவில் இறங்கி ஆணுறை கொடுத்து, பரிசோதனைக்கு அழைத்துப் போகும் பியர் (அதே சமூகத்திலிருந்து வரும் களப்பணியாளர்) பெண்களிடம் எந்தத் தவணையைச் சொல்வது? அவர்களுடைய மதிப்பூதியம் எங்கள் செலவுப் பட்டியலிலேயே மிகச் சிறிய தொகை, ஆனால் அது நின்ற மாதத்திலேயே களம் நின்றுவிடும். ஒப்படைப்பைப் பற்றிப் பேச உட்காரும் யாரும் முதலில் கேட்டு எழுதி வாங்க வேண்டியது, தவணை பிந்தும் மாதங்களில் இந்தத் தொகைக்கு மட்டும் இடைக்கால நிதி எங்கிருந்து வரும் என்பதைத்தான். நன்கொடையாளர் கிளம்புவதற்கு முன் கேட்டால் கிடைக்கலாம். கிளம்பிய பின் கேட்க ஆளிருக்காது.

நிலுவை ஒருவழியாக மொத்தமாக வந்தபோது பியர்களில் சிலர் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். இப்போது பணியில் இல்லாதவர்களுக்கு எப்படி வழங்குவது என்று அந்தக் கணக்குப் பிரிவு மேசையிலிருந்து ஓர் ஆட்சேபம் வந்தது. நாங்கள் அந்த மாதங்களின் வருகைப் பதிவேட்டையும், ஒவ்வொரு வாரமும் அவர்கள் கையெழுத்தோ படக்குறியோ இட்ட களக் குறிப்பேடுகளையும் நகலெடுத்து, பக்க எண் போட்டு, பெறுகை முத்திரையோடு கொடுத்தோம். பதிலுக்கு வந்த கடிதத்தில் ஆட்சேபம் இல்லை. விட்டுப் போனவர்களைத் தேடிப் பிடித்து அவரவர் வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டு முடித்தோம். ஒருவருக்குக் கணக்கே இல்லாததால், அதைத் திறந்துகொடுக்க மறுபடி அதே கிளைக்குப் போனேன்.