நெல் லாரிக்குப் பின்னால் 387 குதிரைகள்

பிஎம்டபிள்யூ எம்340ஐ கார் வாங்கியதிலிருந்து சொந்தக்காரர்கள், ஆலைக்கு வருகிறவர்கள், டீக்கடையில் பழக்கமானவர்கள் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான். மைலேஜ் எவ்வளவு? "இந்த ரோட்டுல இதை எங்கப்பா ஓட்டுவே?" மைலேஜ் கணக்கைப் பின்னால் சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்கு நின்று பதில் சொல்ல எங்கேயும் நேரம் கிடைப்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கேட்பவர்கள் மனதில் இருப்பது புரிகிறது. இவ்வளவு சக்தியுள்ள வண்டிக்கு அகலமான சாலை வேண்டும், டெல்டாவில் அது ஏது, காசு வீண். எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. திருச்சி–தஞ்சாவூர் நால்வழிச் சாலையில் 100இல் போக ஒரு பழைய ஸ்விஃப்ட் போதும். அங்கே இந்த வண்டி எட்டாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மை (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) ஒட்டித் தூங்கிக்கொண்டு வருகிறது, சக்திக்கு வேலையே இல்லை. சேத்தியாத்தோப்பு–சோழபுரம் பகுதி 2025 ஜூலையில் திறந்த பிறகு சென்னைக்குப் போவது ரொம்பவே சுலபமாகிவிட்டது, ஆனால் அந்தச் சாலையிலும் எனக்கும் பக்கத்தில் வரும் ஆல்டோவுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, சீட்டையும் ஏசியையும் தவிர.

வித்தியாசம் தெரிவது இருவழிச் சாலையில். எனக்கு வீடு கும்பகோணம், ஆலை மன்னார்குடிப் பக்கம். நடுவில் வலங்கைமான், நீடாமங்கலம். குடமுருட்டி, வெண்ணாறு, பாமணியாறு என்று ஏதாவது ஒரு ஆறு குறுக்கேயோ பக்கத்திலோ வந்துகொண்டே இருக்கும், கரை வளைகிற மாதிரி சாலையும் வளையும். நேராகப் பார்வை கிடைக்கும் இடங்கள் குறைவு, கிடைத்தாலும் சின்னத் துண்டுகள். அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிப்போகும் லாரிகள், வைக்கோல் கட்டை சாலை அகலத்துக்கு ஏற்றிக்கொண்டு பின்விளக்கே இல்லாமல் ஊரும் டிராக்டர்கள், ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு மாறும் அறுவடை இயந்திரங்கள். போதாததற்கு பாதிச் சாலையில் நெல் காயும். எல்லாமே 30, 40 வேகத்தில். இவற்றைத் தாண்டுவதுதான் இந்த ஊரில் கார் ஓட்டுவது.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். லாரி 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் நீளம், பின்னால் விட்ட இடைவெளி, தாண்டியபின் முன்னால் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து லாரியைவிட 40 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். ஐந்து பேர் உட்கார்ந்த சாதாரண கார், 40இலிருந்து 80க்கு மெல்ல ஏறினால், இதற்கு ஏழு வினாடி எடுக்கும். எதிரே 70இல் ஒரு பஸ் வந்தால், தொடங்கும்போது நமக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் குறைந்தது 260 மீட்டர் இருக்க வேண்டும். இந்த வண்டி இரண்டரை வினாடிக்குள் 90ஐத் தொட்டு அதிலேயே நின்றால் நாலு வினாடியில் வேலை முடியும், தேவைப்படுவது 160 மீட்டர். அதற்கு மேல் இரண்டு பக்கமும் ஒரு பாதுகாப்பு இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள், அது வேறு. ஆக 100 மீட்டர் மிச்சம். வலங்கைமான் தாண்டி வரும் வளைவுகளுக்கு நடுவில் 100 மீட்டர் என்பது, தாண்டலாமா வேண்டாமா என்ற கேள்வியே மாறிப்போகும் அளவு. எதிர்ப் பக்கத்துச் சாலையில் மூன்று வினாடி குறைவாக நிற்கிறேன். நான் காசு கொடுத்தது இந்த மூன்று வினாடிக்குத்தான் என்று யாராவது கேட்டால் சொல்வேன்.

ஒருநாள் அப்பா முன்சீட்டில் போன் பார்த்துக்கொண்டு வந்தார். நிமிர்ந்தவர், "ஏன் தம்பி, முன்னால போன லாரி எங்க திரும்பிடுச்சா?" என்றார். பின்னால் வருகிறது என்றதும் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி போனை எடுத்துக்கொண்டார். எனக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை.

இன்ஜின் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என்னுடையது 2021 மாடல், முதல் கையில் வாங்கியதல்ல. அந்த வருடம் மார்ச்சில் இந்தியாவில் வந்தபோது ஷோரூம் விலையே 62.90 லட்சம், அதை அப்போது நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். வண்டியைப் பொருத்துவது நம்ம செங்கல்பட்டு தாண்டி மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் பிஎம்டபிள்யூ ஆலையில். 2,998 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், 387 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. ட்வின்பவர் என்று பெயர் வைத்திருப்பதால் இரண்டு டர்போ (புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி) என்று பலர் நினைக்கிறார்கள், இருப்பது ஒன்றுதான். ஆனால் அதற்குள் புகை வரும் வழியை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், மூன்று சிலிண்டர் ஒரு வழி, மற்ற மூன்று இன்னொரு வழி. ஒன்றின் அழுத்தம் மற்றொன்றைக் கெடுக்காததால் டர்போ சீக்கிரமே சுற்றத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் முழு டார்க்கும் 1,800 ஆர்பிஎம்மிலேயே வந்து 5,000 வரை தளராமல் நிற்கிறது. லாரிக்குப் பின்னால் 40இல் ஊர்ந்துகொண்டிருக்கும்போது நமக்குத் தேவை இதுதான், உச்சியில் கிடைக்கும் குதிரைத்திறன் அல்ல.

100ஐ 4.4 வினாடியில் தொடும் என்பது கம்பெனிக் கணக்கு. நான் அளந்து பார்த்ததில்லை, பார்க்கவும் போவதில்லை. 250இல் வேகத்தைக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்கு வெறும் தகவல்.

அப்புறம் அந்த மென்மை. ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில் இருந்தால் பிஸ்டன்கள் ஏறி இறங்கும் அதிர்வை ஒன்றுக்கொன்று ஈடுகட்டிவிடும், அதற்கென்று தனியாக பேலன்ஸ் ஷாஃப்ட் வைக்க வேண்டியதில்லை. ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜின் பம்புசெட் தரையையே உலுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவன் நான். வண்டி நிற்கும்போது இந்த இன்ஜின் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்கத் தோன்றும்.

குறை இல்லாமல் இல்லை. கம்ஃபர்ட் மோடில் கியர்பாக்ஸ் யோசிக்கும். எட்டு கியர் கொண்ட இசட்எஃப் கியர்பாக்ஸ், உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது, ஆனால் எட்டாவதில் சோம்பலாக வரும்போது திடீரென்று ஆக்சிலரேட்டரை மிதித்தால் எந்த கியருக்கு இறங்குவது என்று ஒரு கணம் தடுமாறுகிறது. தாண்டும்போது அந்த ஒரு கணம்தான் எரிச்சல். லாரியை நெருங்கும்போதே ஸ்போர்ட் மோடில் போட்டுவிட்டால், அல்லது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இடதுகைப் பக்கத்தில் கியர் இறக்க இருக்கும் பேடிலை இரண்டு தட்டு தட்டிவிட்டால், இந்தப் பிரச்சினை இல்லை. லாரிக்காரர் இடது இண்டிகேட்டர் போட்டு வழிவிட்டாலும் நம் கண்ணால் பார்க்காமல் வெளியே எட்டக்கூடாது, அது எந்தக் காருக்கும் பொதுவானது.

எல்லோரும் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள், பிரேக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தாண்டத் தொடங்கிய பிறகு எதிரே ஒரு டிவிஎஸ் 50 வரப்பிலிருந்து நேராகச் சாலைக்கு ஏறினால், பின்வாங்கி லாரிக்குப் பின்னாலேயே ஒதுங்க வேண்டும். அந்த நேரத்தில் இந்த வண்டி மூக்கைக் குத்தாமல், கோடு மாறாமல் நிற்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் எக்ஸ்டிரைவ் மழைக்காலத்தில் உதவுகிறது, அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் வயலிலிருந்து ஏறிய டிராக்டர் சாலையெல்லாம் சேற்றை உதறிவிட்டுப் போயிருக்கும்போது. ஆனால் ஒன்று, நான்கு சக்கர டிரைவ் வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. சேற்றில் நிறுத்துவது டயரின் வேலை, அங்கே நானும் எல்லோரையும் போல 40தான்.

வேகத்தடைதான் பெரிய எதிரி. சாலைக்கான தேசிய விதிமுறைப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும், அப்படி இருந்தால் எந்தக் காரும் நோகாமல் ஏறி இறங்கும். நம் ஊர்களில் விபத்து நடந்த மறுநாள் ராத்திரியோடு ராத்திரியாகத் தோன்றும் வேகத்தடைக்கு எந்த விதியும் கிடையாது, வெள்ளைக் கோடும் கிடையாது. தனியாகப் போனால் தப்பித்துவிடும், பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் வயிறு உரசும். குறுக்காக ஏற்றி இறக்கப் பழகிக்கொண்டேன். அம்மாவுக்கு வண்டி பிடிக்கவில்லை, தாழ்ந்து உட்கார்ந்து எழுந்திருக்க முட்டி வலிக்கிறது, சஸ்பென்ஷன் விறைப்பு இடுப்பில் தெரிகிறது. கோயிலுக்குப் போவதென்றால் இன்னோவாவை எடுக்கச் சொல்கிறார். அவர் சொல்வதில் தப்பே இல்லை.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால் 387 குதிரையும் வரிசையில் நிற்க வேண்டியதுதான், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, மைலேஜ். கும்பகோணத்துக்குள் 7, 8. மன்னார்குடி சாலையில் 10ஐ ஒட்டி. நால்வழியில் 100ஐத் தாண்டாமல் பிடித்தால் 14 வரை பார்த்திருக்கிறேன். டேங்க் 59 லிட்டர். 95 ஆக்டேன் பெட்ரோல்தான் போடுகிறேன், பந்தாவுக்கு அல்ல. ஆக்டேன் குறைந்தால் நாக்கிங் (பெட்ரோல் தானாகவே எரிந்து இன்ஜின் தட்டுவது) வராமலிருக்க கம்ப்யூட்டர் ஸ்பார்க் நேரத்தைத் தள்ளிப்போடும், கொடுத்த காசுக்கான சக்தி அங்கே குறைந்துபோகும். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வரத் தொடங்கியபின் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஆகவே எத்தனால் கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் 6, 7 சதவீதம் குறைவது கணக்குப்படி சரிதான். இந்த எண்களைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இந்த வண்டியை வாங்கக்கூடாது, அவர்களுக்கு நல்ல டீசல் வண்டிகள் இருக்கின்றன.

இப்போது யோசனையில் இருப்பது டயர். என் காரில் இருப்பது ரன் பிளாட், காற்று முழுக்க இறங்கினாலும் 80 வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் போகலாம். பக்கச் சுவர் கெட்டியாக இருப்பதால்தான் அது முடிகிறது, சவாரி கரடுமுரடாக இருப்பதற்கும் அதுவே முக்கியக் காரணம். போன முறை ஆணி ஏறியபோது பஞ்சர் பார்த்த கடையில் கழற்றத் தெரியாமல் ரிம்மில் கீறல் போட்டுவிட்டார்கள். சாதா டயருக்கு மாறினால் அம்மாவின் இடுப்புக்கும் நல்லது, விலையும் குறைவு, ஆனால் டிக்கியில் ஒரு ஸ்டெப்னி குடியேறிவிடும். நண்பர்களில் பாதிப் பேர் மாறச் சொல்கிறார்கள். நான் மாறப்போவதில்லை. நெல் வரத்து நேரத்தில் திருத்துறைப்பூண்டி தாண்டி வேதாரண்யம் வரை வசூலுக்குப் போய்விட்டு ராத்திரி பதினொரு மணிக்குத் திரும்புகிறவன் நான், அந்த நேரத்தில் அந்தச் சாலையில் பஞ்சர் கடை எதுவும் திறந்திருக்காது.