ரஷ்ய வேலைக் காகிதங்கள்: கொழிஞ்சாம்பாறைக் குறிப்புகள்

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை வாசகசாலைக்கு வந்த வேலைக் காகிதம்: மாஸ்கோவில் ‘செக்யூரிட்டி ஹெல்பர்’, மாதம் ரூ.1.95 லட்சம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். சண்டைக்குப் போகவேண்டியதில்லை என்று ஏஜென்ட் வாய்மொழியாக உறுதி சொல்லியிருக்கிறார். கேட்காமலே ஏன் அந்த உறுதி?

இவ்வளவு சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். உக்ரைன் போருக்காக 2022 செப்டம்பர் 21 அன்று 3 லட்சம் பேரைப் படைக்குத் திரட்ட ஆணையிட்டார் புதின். லட்சக்கணக்கான ஆண்கள் ஜார்ஜியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் ஓடினார்கள். மறுபடி அப்படி ஓர் ஆணை போட கிரெம்ளின் துணியவில்லை. காசு கொடுத்து ஆள் எடுக்கிறது. புரியாத்தியா, துவா போன்ற ரஷ்யாவின் ஏழை ஓரங்கள், சிறைச்சாலைகள், அதற்கும் அப்பால் நேபாளம், கியூபா, இலங்கை, இந்தியா. 2024 ஜூலையில் மாஸ்கோ நகரம் கையெழுத்துப் போடுகிறவருக்கு 19 லட்சம் ரூபிள் அறிவித்தது. தலைநகரத்துத் தெருவில் சாவு விழுந்தால் முணுமுணுப்பு கிளம்பும். பாலக்காட்டில் விழுந்தால் அவர்களுக்கு என்ன? வெள்ளைக்காரன் சிப்பாய் சேர்த்த கணக்கும் இதுதான்.

12 பிப்ரவரி, புதன்

முதலில் பார்க்கவேண்டியது விசா. இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் ரஷ்ய இ-விசா உண்டு. ஒருமுறை நுழையலாம், உள்ளே சில வாரம் மட்டும் தங்கலாம். அதில் வேலை செய்யக்கூடாது. ‘இதில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். விசா தீர்ந்து போலீஸிடம் மாட்டினால் ஜெயிலா, படையா என்பதுதான் மிச்சம். சுற்றுலாவுக்குப் போய் மாட்டிய பஞ்சாப், ஹரியானா இளைஞர்கள் 2024 மார்ச்சில் வெளியான வீடியோவில் சொன்னதும் இதே.

இன்னொரு ஓட்டை நம் பக்கத்தில். வேலைக்குப் போகுமுன் இந்திய அரசிடம் வாங்கவேண்டிய குடியகல்வு அனுமதி, பத்தாவது முடிக்காதவருக்குக் கட்டாயமான நாடுகள் 18. ரஷ்யா அதில் இல்லை. பத்தாவது முடிக்காதவரையும் ஏர்போர்ட்டில் அந்த அனுமதி கேட்டு நிறுத்தமாட்டார்கள். நிறுத்தவில்லை என்பதற்காகக் காகிதம் சுத்தம் என்று ஆகிவிடாது.

16 பிப்ரவரி, ஞாயிறு

ஒப்பந்தத்தை வாசிக்கும் முறை. இங்கேதான் நேரம் செலவழிக்கவேண்டும்.

ரஷ்ய மொழிப் பிரதி இல்லாமல் ஆங்கிலப் பிரதி மட்டும் வந்தால் அது வெறும் தாள். ரஷ்யப் பிரதி வந்தால் நிழல் விழாமல், பக்கம் பக்கமாகப் படமெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போடவும். முத்திரை விழுந்த இடத்தில் செயலி உளறும். அந்த வரிகளைத் தனியே பெரிதாக்கி மறுபடி எடுக்கவேண்டும். ‘ராணுவ சேவை’, ‘பாதுகாப்பு அமைச்சகம்’ என்று ஓரிடத்தில் வந்தாலும் போதும், அது வேலை ஒப்பந்தமே அல்ல.

செயலி தவறவிடும் ஓர் அடையாளம் உண்டு. ஆங்கிலப் பெரிய ‘பி’யைக் குட்டியாக்கியதுபோல் ஓர் எழுத்து, அடுத்து சாய்கோடு, அடுத்து 4 என்ற எண்போல் ஓர் எழுத்து, பிறகு 5 இலக்கம். அது படைப்பிரிவின் எண். பெரும்பாலும் கீழே, முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கும்.

கம்பெனி என்றால் 10 இலக்க வரி எண் இருக்கும். 12 இலக்கம் என்றால் அது தனிநபர். ரஷ்ய வரித்துறையின் திறந்த பதிவேட்டில் எண்ணைப் போட்டால் நிறுவனம் எப்போது தொடங்கியது, என்ன தொழில் என்று தெரியும்.

‘ஒரே வருஷம்தான்’ என்பதையும் நம்பவேண்டாம். 2022 செப்டம்பர் ஆணைப்படி, திரட்டல் காலம் முடியும்வரை ராணுவ ஒப்பந்தம் தானாக நீளும். வயது வரம்பு, உடல்நிலை, நீதிமன்றத் தண்டனை ஆகியவைதான் விலக்கு. அந்த ஆணை இன்னும் ரத்தாகவில்லை. ஒப்பந்தம் போட்டால் குடும்பத்துக்கே ரஷ்யக் குடியுரிமை என்பது 2024 ஜனவரி ஆணை. இதைத்தான் ஏஜென்ட்கள் ‘பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) கிடைக்கும்’ என்று விற்கிறார்கள்.

19 பிப்ரவரி, புதன்

ஏஜென்ட் உரிம எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் தேடவும். எண் உண்மையாகவே இருக்கும், பிறருடையதாக இருக்கும். அதனால் அங்கே உள்ள முகவரியையும் போன் எண்ணையும் ஒத்துப்பார்க்கவேண்டும். பதிவில்லாத சப்-ஏஜென்ட் சட்டப்படி செல்லாது. சேவைக் கட்டண உச்சவரம்பு ரூ.30,000, ஜிஎஸ்டி சேர்த்து ரூ.35,400. லட்சக்கணக்கில் கேட்டு, அதுவும் கையில் ரொக்கமாகக் கேட்டால், நகையை அடகு வைக்க ஓடவேண்டாம்.

23 பிப்ரவரி, ஞாயிறு

ஏற்கெனவே போய்விட்டவர்களுக்கு. ஜனவரி 17 அன்று வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கு: ரஷ்யப் படையில் சேர்ந்த இந்தியர் 126, திரும்பியவர் 96, இறந்தவர் 12. மீதி 18 பேரில் 16 பேர் எங்கே என்றே தெரியவில்லை.

‘எப்படியாவது ஓடி வந்துடு சாமி’ என்று போனில் சொல்லக்கூடாது. திரட்டல் காலத்தில் படைப்பிரிவை விட்டு ஓடினால் அங்கே 15 வருஷம்வரை சிறை. எதிரிப் படையிடம் தானாகப் போய்ச் சரணடைந்தால் 3 முதல் 10 வருஷம். உக்ரைனில் நடப்பதைப் ‘போர்’ என்று பொதுவில் பேசியதற்கே மாஸ்கோவின் ஒரு வட்டார மன்ற உறுப்பினர் அலெக்சி கொரினோவுக்கு 2022-இல் 7 வருஷம் கொடுத்த நாடு. அதனால் பையனிடம் வாதாடாமல், படைப்பிரிவு எண்ணையும் ஒப்பந்தத்தின் படத்தையும் மட்டும் வாங்கவும்.

அவற்றோடு பாஸ்போர்ட், விசா நகல், கடைசியாகப் பேசிய தேதி, ஏஜென்ட்டுக்குப் பணம் போன ரசீது எல்லாம் சேர்த்து வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ குறைதீர் தளத்தில் புகார் பதியவும். அந்தப் பதிவு எண்ணைப் போட்டு மாஸ்கோ இந்தியத் தூதரகத்துக்கு மின்னஞ்சல். ஏஜென்ட்மேல் போலீஸில் தனிப் புகார். கேரள முகவரி என்றால் வெளிநாடுவாழ் கேரளர்களுக்கான மாநில அரசுத் துறையான நோர்க்கா. கோயம்புத்தூர் முகவரி என்றால் தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நலத்துறை. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்து இந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் பாஸ்போர்ட்டில் எந்த முகவரி என்று பார்த்துவிட்டுப் போனால் அலைச்சல் குறையும்.