விரலிடுக்கு

செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறவர்கள், ரப்பர் பூட்ஸுக்குள் காலை விட்டால் மதியம் இரண்டு மணிக்குத்தான் வெளியே எடுப்பார்கள். புல்லெல்லாம் பனி, பள்ளத்தில் முதல்நாள் மழைத்தண்ணீர், பூட்ஸுக்குள் வியர்வை. கழற்றும்போது பாதம் ஊறவைத்த அரிசி மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கும். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில், தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சின்ன கிளினிக்கில் இருபது வருடத்துக்கும் மேலாக மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்க்கிறேன். இத்தனை வருடத்தில் நான் அதிகம் தொட்டது கால்களைத்தான்.

ஒரு பாட்டி. ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்று, மகன் குடும்பத்தோடு லயத்து வீட்டிலேயே இருப்பவர். முதல் தடவை தீபாவளிக்கு மறுவாரம் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரவெல்லாம் குளிர் நடுக்கம், வாந்தி. விடிந்து பார்த்தால் வலது முழங்காலுக்குக் கீழே கால் வீங்கிப் பளபளக்கிறது. தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. ஏதோ விஷக்கடி என்று வேப்பிலை அடித்து, மஞ்சள் பத்துப் போட்டு, அதன் மேல் தைலமும் தேய்த்திருந்தார்கள். மஞ்சளைக் கழுவி எடுத்த பிறகுதான் தோலையே பார்க்க முடிந்தது. டாக்டர் செல்லுலைட்டிஸ் என்றார், தோலுக்குள் கிருமி பரவும் நோய். ஒரு வாரம் குளோக்சாசிலின், பென்சிலின் வகைக் கிருமிக்கொல்லி. கால் வற்றியது. அடுத்த சித்திரையில் அதே கால், அதே இடம். மறுபடியும் அதே மருந்து, மறுபடியும் வற்றியது. ஆடியில் மூன்றாவது தடவை வந்தார்.

மூன்று தடவையும் காய்ச்சல் பார்த்தேன், இரத்த அழுத்தம் பார்த்தேன், சர்க்கரை பார்த்தேன், வீக்கத்தை நாடா வைத்து அளந்தேன். மூன்றாவது தடவை படுக்கையில் காலை உயர்த்தி வைப்பதற்காகப் பாதத்தைப் பிடித்தபோது, என் விரல் அவருடைய நான்காவது விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே பட்டது. ஈரமாக இருந்தது. விரித்துப் பார்த்தேன். தோல் வெள்ளையாக ஊறி உரிந்து, அடியில் கத்தியால் கீறிய மாதிரி ஒரு வெடிப்பு. வெடிப்புக்குள் இளஞ்சிவப்பாகச் சதை தெரிந்தது. ஒரு அரிசிமணி நீளம்கூட இருக்காது.

"பாட்டி, இது எத்தனை நாளா இருக்கு?"

"அதுவா மிஸ்ஸி? அது சேத்துப்புண்ணு. பால் வெட்டுற காலத்துலேருந்தே இருக்கு."

அவர் எதையும் மறைக்கவில்லை. முப்பது வருடம் கூடவே இருப்பதை நோய் என்று யார் சொல்வார்கள்? கேட்டிருக்க வேண்டியது நான். முதல் தடவையே அந்த விரல்களை விரித்துப் பார்த்திருந்தால் மற்ற இரண்டு தடவையும் அவர் அந்த நடுக்கத்தை அனுபவித்திருக்க மாட்டார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

செல்லுலைட்டிஸை உண்டாக்குபவை பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், அடுத்து ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாக்கள். இவை நம் தோலிலும் மூக்கிலும் தொண்டையிலும் சாதாரணமாகவே தங்கக்கூடியவை. தோல் முழுசாக இருக்கும்வரை உள்ளே போக வழியில்லை. மட்டை முள் குத்தின காயம், சொறிந்து புண்ணான கொசுக்கடி, குதிகாலில் பித்தவெடிப்பு, விரலிடுக்கில் சேற்றுப்புண், இப்படி ஏதோ ஒரு கதவு வேண்டும். தைப்பூசம் முடிந்த வாரத்தில், ஈப்போ கல்லுமலைக்கு வெறுங்காலோடு காவடி எடுத்துவிட்டு வந்தவர்கள் கொப்புளம் உடைந்த பாதத்தோடு வருவார்கள். அவர்களைக் கவனமாகப் பார்ப்பேன். உள்ளே நுழைந்த கிருமி தோலின் ஆழத்திலும் அதற்கடியில் உள்ள கொழுப்பிலும் பரவினால் செல்லுலைட்டிஸ். மேலடுக்கோடு நின்று, விளிம்பு மேடாகத் தெளிவாகத் தெரிந்தால் எரிசிபெலஸ். சீழ் தேங்கிக் கட்டியாகிவிட்டால் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான் முதல் வைத்தியம், மாத்திரை மட்டும் போதாது. செல்லுலைட்டிஸ் வந்தவரைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளாது. பாட்டிக்குத் தனித் தட்டு வைத்திருந்த மருமகளிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாடப்புத்தகப் படங்களில் இந்த நோய் செக்கச் செவேல் என்று இருக்கும். எல்லாம் வெள்ளைத் தோல். நம் ஆட்களின் நிறத்தில் அது கருஞ்சிவப்பாகவோ, ஊதா கலந்த கருப்பாகவோதான் தெரியும், சில சமயம் நிறமே மாறின மாதிரி இருக்காது. அதனால் நான் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். ஒரு காலில் வைத்து, உடனே மறுகாலில் வைத்தால் சூட்டின் வித்தியாசம் தெரிந்துவிடும். தோல் இறுகி ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கிறதா என்றும் பார்ப்பேன். இரண்டு காலும் ஒரே மாதிரி நிறம் மாறியிருந்தால் அது பெரும்பாலும் செல்லுலைட்டிஸ் இல்லை, இரத்தக்குழாய்க் கோளாறாக இருக்கும். கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும்.

மருந்து சுலபம்தான், சாப்பிடுவதுதான் கஷ்டம். குளோக்சாசிலின் 500 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அதுவும் வெறும் வயிற்றில். விடியற்காலை தோட்டத்துக்குள் போகிற மனிதர் பதினொரு மணிக்குக் குலையை வெட்டிப் போட்டுவிட்டு மாத்திரையைத் தேடுவாரா? பையில் கட்டிக் கொடுத்து, மனைவியிடமும் சொல்லி அனுப்புவேன். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்டர் வேறு மருந்து எழுதுவார், அதனால் மருந்து அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாதாரணமாக ஐந்து முதல் ஏழு நாளில் சரியாகும். காய்ச்சல் அதிகமாக இருந்தாலோ, வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டாலோ ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் வலி விட்டதும் மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் பழக்கம் எங்கள் லயத்தில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும் என்பது மருந்தோடு சேர்ந்த முக்கியமான வைத்தியம். ஆனால் டன் கணக்கில் கூலி வாங்குகிறவரிடம் நாலு நாள் படுங்கள் என்று சொல்வதன் விலை எனக்குத் தெரியும். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) எழுதிக் கொடுத்தும் மறுநாளே வேலைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் கோபம் வருவதில்லை, வயிறு கலங்கும்.

அப்புறம், பேனா. வீக்கத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் மணியும் எழுதுவேன். மருந்து ஆரம்பித்த முதல் ஒன்றிரண்டு நாளில் கோட்டைக் கொஞ்சம் தாண்டினாலும் பயப்பட வேண்டியதில்லை. காய்ச்சல் இறங்கி, ஆள் தெளிந்து வருகிறாரா என்று பார்க்க வேண்டும். ஆனால் ஒரு நாள் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் வந்தார். கணுக்காலில் மட்டை முள் குத்திய இடம். வெளியே பார்க்க அவ்வளவாக ஒன்றும் இல்லை, வலியில் மட்டும் துடிக்கிறார். முள்ளும் பாராங் கத்தியும் எத்தனை தடவை கிழித்தாலும் முகம் சுளிக்காத மனிதர், போர்வை பட்டாலே கத்துகிறார். நான் கோடு போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வீக்கம் நாலு விரல் அளவுக்குக் கோட்டைத் தாண்டியிருந்தது. நடுவே சாம்பல் கலந்த ஊதா நிறம், கருநீர் கோத்த ஒரு கொப்புளம். டாக்டர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆம்புலன்ஸில் ஈப்போவுக்கு அனுப்பினார், அன்றிரவே அறுவை சிகிச்சை. சதையை மூடியிருக்கும் உறையையே கிருமி தின்னும் நோய் அது, நெக்ரோடைசிங் ஃபேசியைடிஸ் என்பார்கள். அழுகிய பகுதியை வெட்டி எடுக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் உயிர் தங்காது. அவர் கால் தப்பியது, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கண்ணுக்குத் தெரிவதைவிட வலி அதிகமாக இருந்தால் காத்திருக்காதீர்கள், இராத்திரி என்றாலும் கிளம்புங்கள்.

இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களுக்கு இதெல்லாம் இன்னும் கடுமை. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது, இந்தியர்களிடம்தான் மிக அதிகம். காலில் உணர்ச்சி குறைந்துவிடுவதால் முள் குத்தியதே தெரியாது. அதோடு இந்த மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி இருக்கிறது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்த ஸ்டான்டன், ஃபிளெட்சர் என்ற இருவர் 1921-இல் அந்த நோய்க்குப் பெயர் வைத்தார்கள். அதற்குக் குளோக்சாசிலின் கேட்காது. சர்க்கரை உள்ள தோட்டத் தொழிலாளிக்குப் புண் ஆறாமல், காய்ச்சலும் விடாமல் இருந்தால் இதையும் நினைத்துப் பார்க்கச் சொல்லி டாக்டருக்கு ஞாபகப்படுத்துவேன்.

பாட்டிக்கு அந்தத் தடவை குளோக்சாசிலினோடு, சேற்றுப்புண்ணை உண்டாக்கும் பூஞ்சைக்கான களிம்பும் கொடுத்தோம். புண் ஆறின மாதிரி தெரிந்த பிறகும் இரண்டு வாரம் தடவச் சொன்னோம். குளித்ததும் பழைய வேட்டித் துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலிடுக்கிலும் விட்டுத் துடைக்கப் பேத்திக்குக் காட்டிக்கொடுத்தேன். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் பிரிட்டன், அயர்லாந்து நோயாளிகள் 274 பேரில் பாதிப் பேருக்கு ஒரு வருடம் குறைந்த அளவு பென்சிலின் கொடுத்தார்கள். அவர்களில் 22 சதவீதம் பேருக்கு மறுபடி வந்தது, கொடுக்காதவர்களில் 37 சதவீதம். மருந்தை நிறுத்தியதும் அந்தப் பாதுகாப்பு குறைந்துபோனது. கால் வீக்கம் நிரந்தரமாக உள்ளவர்களுக்கு இறுக்கமான காலுறை நன்றாக உதவுகிறது என்று 2020-இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு சொன்னது. பாட்டிக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

இப்போது யார் எதற்கு வந்தாலும், இருமலுக்கு வந்தாலும்கூட, செருப்பைக் கழற்றச் சொல்கிறேன். இந்தோனேசியத் தம்பிகளும் வங்காளதேசத்துத் தம்பிகளும் முதலில் கூச்சப்படுவார்கள், அப்புறம் அவர்களே விரலை விரித்துக் காட்டுவார்கள். அவர்கள் தங்கியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் மூங்கில் நட்டு பூட்ஸைத் தலைகீழாக மாட்டி வைத்திருக்கிறார்கள். வெயில் மாதங்களில் காய்ந்துவிடும். அக்டோபர், நவம்பர் மழையில் காயாது, மறுநாள் காலையும் அதே ஈரத்துக்குள்தான் காலை விட வேண்டும். ஆளுக்கு இரண்டு ஜோடி வேண்டும் என்று தோட்டத்துக் கிராணியிடம் (எழுத்தரிடம்) எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி போய்க் கேட்பேன்.