முதல் வரியிலிருந்து

கடந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு காலை வேளையில் என் தந்தைக்குப் பக்கவாதம் வந்தது. அப்போது அவருக்கு 71 வயது. வாசலில் கிடந்த செய்தித்தாளை எடுக்கக் குனிந்தவர் நிமிர்ந்தபோது, வாயின் வலப்பக்கம் கோணியிருப்பதையும், வலக்கையிலிருந்து தாள் நழுவி விழுவதையும், தாம் கேட்ட கேள்விக்கு அவர் தந்த பதில் சொல்லாக இல்லாமல் வெறும் ஓசையாக வருவதையும் எதிர்வீட்டில் குடியிருந்த இளைஞர் ஒருவர் பார்த்துவிட்டார். ஓடிவந்து என்னை அழைத்தார். இரத்த அழுத்தம் குறைந்திருக்கும், சற்று நேரம் படுக்கவைத்துப் பார்க்கலாம் என்றுதான் நான் சொன்னேன். "வேண்டாம் அக்கா, படுக்கவைக்க நேரமில்லை" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுக்கப் போய்விட்டார். 50 நிமிடங்களுக்குள் தந்தை மருத்துவமனையில் இருந்தார்.

அந்த 50 நிமிடங்களின் பொருள் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. தந்தையின் இதயத் துடிப்பு சில காலமாகவே சீரற்று இருந்திருக்கிறது. எங்களில் எவருக்கும் அது தெரியாது. இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும்போது அங்கே இரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி புறப்பட்டு மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்துவிடுகிறது. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம். கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும்; அதற்குள்ளும் எவ்வளவு முன்னால் செலுத்துகிறார்களோ அவ்வளவு நல்லது. பெரிய குழாய் அடைபட்டு, மருத்துவம் கிடைக்காத நிலையில், ஒரு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006ஆம் ஆண்டில் ஒரு மருத்துவர் கணக்கிட்டு எழுதியிருக்கிறார். நான் சொன்னபடி தந்தையைப் படுக்கவைத்திருந்தால் எத்தனை நிமிடங்கள் கழிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கும் துணிவு எனக்கு நெடுநாள் வரவில்லை.

அந்த ஆண்டில் வேறு இழப்புகளும் நேர்ந்தன. ஜூன் மாதத்தில் அத்தை இறந்துபோனார். தந்தையைக் கவனித்துக்கொள்வதற்காக நீண்ட விடுப்புக் கேட்டேன், கிடைக்கவில்லை. பதினோரு ஆண்டுகள் பார்த்த வேலையை விட்டேன். சேமிப்பு கரைந்தது. இவற்றைப் பற்றி விரிவாக எழுத இப்போதும் மனம் வரவில்லை.

நான் எழுத விரும்புவது பிரார்த்தனையை நிறுத்திய நாட்களைப் பற்றி. சிறு வயதிலிருந்து இறைநம்பிக்கையோடு வளர்ந்தவள் நான். மார்ச் மாதம் தொடங்கி ஏறத்தாழ ஏழு மாதங்கள் ஒருமுறைகூட நான் இறைவனை அழைக்கவில்லை. கோபம் என்று சொல்லிவிட முடியாது. கோபப்படுவதற்காவது எதிரே ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம் வேண்டும். பார்க்க வந்தவர்கள் அன்போடுதான் பேசினார்கள். "எல்லாம் நன்மைக்கே" என்றும், "தாங்கக்கூடியவர்களுக்குத்தான் சோதனை வரும்" என்றும் சொன்னார்கள். ஒரு மனிதரின் பேச்சைப் பறித்து அதன் வழியாக மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிற இறைவனை என்னால் வணங்க முடியாது என்று அப்போது எனக்குத் தோன்றியது. இன்றும் அந்தக் கருத்தில் மாற்றமில்லை. இரத்தக் கட்டி இதயத்தின் மேலறையில் உருவானது; அதை யாரும் அனுப்பவில்லை.

தந்தை உயிர் பிழைத்தார். சில வாரங்களில் ஊன்றுகோலைப் பிடித்து நடக்கவும் தொடங்கினார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாங்கள் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது. சொல்ல வேண்டியதும் மனத்தில் இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் குவளையைக் காட்டுவார், வாயைத் திறப்பார், கண்கள் கலங்கும். "அது, அது" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. நாற்பது ஆண்டுகளாக மேடையில் பேசியும் கடிதம் எழுதியும் பழகிய மனிதர் அவர்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, விடியற்காலையில் அவருடைய கட்டிலிலிருந்து குரல் கேட்டு விழித்தேன். சிறு பிள்ளையாக இருந்தபோது அவருடைய தாய் கற்றுக்கொடுத்து, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு நாளும் எழுந்தவுடன் சொல்லிவந்த பிரார்த்தனையைத் தந்தை சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு வரிகள். ஒரு சொல்லும் பிசகவில்லை. வாய் கோணியிருந்ததால் சில எழுத்துகள் மட்டும் வழுக்கின. நான் அலறாத குறையாக எழுந்து, "அப்பா, பேசுகிறீர்களே!" என்றேன். அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். "அது, அது" என்றார்.

அந்தப் பிரார்த்தனையின் மூன்றாம் வரியில் 'விளக்கு' என்ற சொல் வருகிறது. அதை அவர் நாள்தோறும் தெளிவாக உச்சரித்தார். ஆனால் எரிகிற விளக்கைக் காட்டி "இது என்ன அப்பா?" என்று கேட்டால் அந்தச் சொல் வராது. வரியின் நடுவே யாராவது குறுக்கிட்டுவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் அவரால் முடியாது. முதல் வரியிலிருந்து மீண்டும் தொடங்கித்தான் மூன்றாம் வரிக்கு வர வேண்டும். சொற்கள் அவரிடம் தனித்தனியாக இல்லை. பிரார்த்தனை என்ற முழுமைக்குள் மட்டுமே இருந்தன.

பேச்சுப் பயிற்சி அளித்தவர் இதைக் கேட்டு வியக்கவில்லை. 1861ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, 'டான்' என்ற ஓரசையை மட்டுமே சொல்லக்கூடியவராக இருந்த ஒரு நோயாளியின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடப்பக்க முன்மூளையில் சேதம் இருந்ததைக் காட்டினார். அதே நூற்றாண்டில் ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன், எண்ணிக் கோத்துச் சொல்லும் பேச்சு வேறு, தானாக வந்துவிடும் பேச்சு வேறு என்று பிரித்துக் காட்டினார். முன்னதை இழந்தவர்களிடமும் பின்னது எஞ்சியிருப்பது உண்டு: ஒன்று இரண்டு என எண்ணுவது, கிழமைகளின் பெயர்கள், வணக்கம் சொல்வது, பாட்டு, வசவு, பிரார்த்தனை. பேச முடியாதவரைப் பாட வைத்து, அந்த இராகத்தின் வழியே சொற்களை மீட்கும் பயிற்சி முறையையும் 1973ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். தந்தைக்கும் அந்த முறையில்தான் பயிற்சி நடந்தது.

இந்த விளக்கம் எனக்குப் பெரும் ஆறுதல் தந்தது. வியப்பைக் குறைத்துவிடும் என்று அஞ்சினேன், குறைக்கவில்லை. அறுபது ஆண்டுகளில் எத்தனையோ காலைகளில் தந்தை மனம் ஒன்றாமல், தூக்கக் கலக்கத்தில், அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்த வரிகளை முணுமுணுத்திருப்பார். உணர்ந்து சொல்லாத பிரார்த்தனையால் என்ன பயன் என்று இளவயதில் அவரிடம் வாதாடியவள் நான். இன்று அவரிடம் எஞ்சியிருப்பது அப்படிச் சொல்லிச் சொல்லிப் படிந்ததுதான். உணர்ச்சி வரும்போது மட்டும் பிரார்த்தித்த எனக்கு, உணர்ச்சி வற்றிய ஏழு மாதங்களில் பற்றிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை.

இதற்கிடையே என் தோழி, மனம் தேற வேண்டுமானால் நன்றிக் குறிப்பேடு ஒன்று எழுது என்று வற்புறுத்தினாள். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய பழக்கம் அது. நன்றிக்குரிய விஷயங்களை ஐந்து வரை வாரந்தோறும் எழுதச் சொல்லி மாணவர்களைப் பத்து வாரங்கள் கவனித்தார்கள். நரம்புத் தசை நோய் உடையவர்களை 21 நாட்கள் நாள்தோறும் எழுதச் சொன்னார்கள். அந்த நோயாளிகள் கூடுதலாக உறங்கியதாகவும் மனநிறைவு கூடியதாகவும் தெரிவித்தார்கள். உடன் வாழ்ந்தவர்களும் அந்த மாற்றத்தைக் கண்டார்கள். ஆகவே அந்த முறையை நான் குறைசொல்ல மாட்டேன். எனக்கு அது கைகூடவில்லை. 'வானம் தெளிவாக இருந்தது', 'எனக்கு இரண்டு கைகளும் இயங்குகின்றன' என்றெல்லாம் எழுதினேன். இரண்டாவதை எழுதியவுடன் தந்தையின் வலக்கையைப் பார்த்துக் குறிப்பேட்டை மூடிவிட்டேன். நம்மைவிடத் துன்பப்படுகிறவரைக் காட்டி மனத்தைத் தேற்றிக்கொள்வதற்கு நன்றி என்று பெயரிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

பல நாட்கள் கழித்து, பள்ளியில் மனப்பாடம் செய்த ஒரு தலைப்பு நினைவுக்கு வந்தது. திருக்குறளின் 11ஆம் அதிகாரம், 'செய்ந்நன்றி அறிதல்'. அங்கே நன்றி என்பது நாம் சொல்லும் சொல்லும் இல்லை, நம் மனத்தில் ஊறும் உணர்வும் இல்லை. பிறர் நமக்குச் செய்த நன்மைக்குத்தான் நன்றி என்று பெயர். நம் பங்கு அதை அறிவது மட்டுமே. எனக்குள் நெகிழ்ச்சி இல்லையே என்று என்னையே நொந்துகொண்டிருந்த எனக்கு இது கதவைத் திறந்துவிட்டதுபோல இருந்தது. நெகிழ வேண்டாம், முதலில் அறிந்துகொள்ளலாம். யார், எப்போது, என்ன செய்தார் என்று தேடிப் பார்க்கலாம். தக்க காலத்தில் செய்த உதவி சிறிதானாலும் உலகைவிடப் பெரிது என்று அதே அதிகாரத்தின் இரண்டாம் குறள் சொல்வதைச் சிறு வயதில் உயர்வு நவிற்சி என்று எண்ணியிருந்தேன். நிமிடத்துக்கு 19 லட்சம் என்ற கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு அப்படி எண்ண முடியவில்லை.

குறிப்பேட்டை மீண்டும் எடுத்து, மார்ச் மாதத்திலிருந்து நினைவைத் துருவி எழுதலானேன். இரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒருவர், தந்தைக்குப் பேச்சு வராது என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அவரிடமே கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அதன் பிறகுதான் என்னைப் பார்ப்பார். என் முன்னாள் சக ஊழியர் ஒருவர் மூன்று மாதங்கள் என் பெயருக்கு வந்த வேலைகளைத் தாமே முடித்து, எவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். நான் விலகிய பின்புதான் அது தெரியவந்தது. தந்தையின் பழைய நண்பர் ஒருவர் வாரந்தோறும் வந்து, ஒன்றும் பேசாமல் ஒரு மணி நேரம் அருகில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவர் வரும் நாளில் தந்தை காலையிலேயே தயாராக இருப்பார். இப்படி 14 பேர் தேறினார்கள். அவர்களில் ஐந்து பேரின் பெயர் எனக்குத் தெரியாது. பட்டியல் நீள நீளத்தான் எதிர்வீட்டு இளைஞரிடம் நான் இதுவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது உறைத்தது. ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டிருந்தார்.

நம்பிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'நம்பு' என்ற சொல்லுக்கு நசை, அதாவது விருப்பம், என்று தொல்காப்பிய உரியியல் பொருள் தருகிறது. உறுதியாகத் தெரிந்துவைத்திருப்பது என்று நான் பொருள்கொண்டிருந்த சொல்லுக்குள் ஆதியில் இருந்தது விழைவு. ஐயம் வந்தவுடன் நம்பிக்கை போய்விட்டது என்று முடிவுகட்டியிருந்தேன், விழைவு போகவில்லை. விடியலில் தந்தையின் குரல் கேட்கும்வரை தூங்காமல் காத்துக்கிடந்தது வேறு எதனால்? அக்டோபரில் ஒருநாள் அவர் நான்காம் வரியில் இருமல் வந்து தடைப்பட்டு, தொடர முடியாமல் தவித்தபோது, நான் முதல் வரியை எடுத்துக்கொடுத்தேன். அவர் சேர்ந்துகொண்டார். எட்டு வரிகளையும் இருவரும் சொல்லி முடித்தோம். அன்று தொடங்கி நாள்தோறும் சொல்கிறேன். எனக்கு விடை கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. கேட்க மறந்திருந்தவரை மறுபடியும் அழைக்கத் தொடங்கியிருக்கிறேன், அவ்வளவே.

அந்த இளைஞரின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். ஜனவரியில் வீட்டுக்கு வந்தார். நான் பல நாட்களாக மனத்தில் அடுக்கிவைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லத் தொடங்கியதுமே கூச்சப்பட்டு, "அன்றைக்கு எனக்கும் பயம்தான் அக்கா, அதனால்தான் யோசிக்காமல் கிளம்பிவிட்டேன்" என்றார். தந்தை அவரை அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து நிற்க வேண்டும் என்று சைகை காட்டினார், தாங்கிப் பிடித்தேன். இடக்கையால் இளைஞரின் கையைப் பற்றிக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார். "அது, அது" என்றார். மீண்டும் முயன்றார். கண்களை மூடிக்கொண்டார். பிறகு, மாலை நேரமாக இருந்தும், தாம் காலையில் மட்டுமே சொல்லும் அந்தப் பிரார்த்தனையை முதல் வரியிலிருந்து தொடங்கி, எட்டாம் வரி வரை, பிடித்த கையை விடாமல் சொல்லி முடித்தார்.