வெள்ளிக்கிழமை வரையா, வெள்ளிக்கிழமைக்குள்ளா?

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில், பாதுகாப்புப் பிரிவில் வேலை. வேலை தொடங்குமுன் பாதுகாப்பு பற்றிப் பேசும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்குக்குத் தமிழர், வங்காளதேசத்தார், சீனர், மலாய்க்காரர், மியன்மார்க்காரர் என்று எல்லோரும் வருவார்கள். பொதுமொழி ஆங்கிலம், அதுவும் ஆளுக்கொரு ஆங்கிலம். இலக்கணம் தப்பினால் குடி முழுகாது. ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்றால் நேற்றுப் போனார், அவ்வளவுதான். எல்லோருக்கும் தெரிந்த சொல்லை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்ளும்போதுதான் வம்பு. தெரிந்த சொல்லாயிற்றே, யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

ஒருமுறை சாரத்தில் ‘குளோஸ்டு பை ஃப்ரைடே’ என்று அட்டை தொங்கியது. எழுதியவர் நம்ம ஊர்க்காரர். வெள்ளிக்கிழமை வரை யாரும் ஏறக்கூடாது என்பது அவர் எண்ணம். அட்டை சொன்னதோ, வெள்ளிக்கிழமைக்குள் மூடிவிடுவோம் என்று. அப்படியென்றால் புதன்கிழமை ஏறலாமே! பெயின்டர் ஒருவர் ஏணியில் கால் வைத்துவிட்டார். மேலே பாதிப் பலகையைக் கழற்றியிருந்தார்கள். சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில் மனிதர் இறங்கிவிட்டார்.

‘வரை’, ‘க்குள்’ இரண்டையும் தமிழில் சின்னப்பிள்ளைகூடக் குழப்பாது. அதனால் புதிதாக வரும் தம்பிகளிடம், அட்டை எழுதுமுன் தமிழில் ஒருதடவை சொல்லிப் பாருங்கப்பா என்பேன். ‘வரை’ வந்தால் அன்டில், ‘க்குள்’ வந்தால் பை. ஆங்கில வாத்தியார் கேட்டால் அடிக்க வருவார், வரட்டும். இங்கே, ‘லென்ட்’ வரவேண்டிய இடத்தில் ‘கேன் பாரோ மீ யுவர் பென்’ என்பது சர்வசாதாரணம். சீனத்தில் இரவல் கொடுக்கவும் வாங்கவும் ஒரே சொல், மலாயில் ஒரே வேர். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் தமிழே காலை வாரிவிடும் இடமும் உண்டு. ‘ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் டிராயிங்’ என்று, தமிழ்ச் ‘சந்தேகத்தை’ மனதில் வைத்து நாம் எழுதுவது, ஒரு விவரம் கேட்கத்தான். பிரிட்டிஷ் எஞ்சினியருக்கோ, தன் வரைபடத்தின் மேலேயே நம்பிக்கையில்லை என்கிறார்கள் என்று படும். அதற்கு அவர் எழுதும் பதிலில் சூடு தெரியும். ‘ரிவர்ட்’ சிங்கப்பூர் அலுவலகங்களின் சொத்து. பதில் போடுங்கள் என்ற பொருளில் எங்கள் ஆள் எழுத, வெளிநாட்டு ஆலோசகர் முந்தைய வரைபடத்துக்கே திரும்பச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, நாங்கள் தூக்கிப்போட்டதையே மறுபடி அனுப்பிவைத்தார்.

பெயின்டில் கலக்கும் தின்னர் டின்னில் எழுதியிருக்கும் சொல் இன்னும் மோசம். ‘இன்’ முன்னால் வந்தால் ‘இல்லை’ என்று பள்ளியில் படித்தவர், ‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் தீப்பிடிக்காது என்றுதானே நினைப்பார்? பொருளோ, எளிதில் தீப்பிடிக்கும் என்பது. இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே அதே பொருள் தரும் ‘ஃப்ளேமபிள்’ போதும் என்றது.

அப்புறம் ‘எம்ப்டி’. மொழியியலாளர் பெஞ்சமின் லீ வோர்ஃப் பிழைப்புக்குத் தீக்காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்தவர். நிரம்பிய பெட்ரோல் டிரம் பக்கம் ஜாக்கிரதையாக இருப்பவர்கள், காலி டிரம் பக்கம் தாராளமாகப் புகைப்பதை அவர் கவனித்து எழுதியிருக்கிறார். காலி டிரம்மில் ஆவி நிறைந்திருக்கும். ஆபத்து அதில்தான் அதிகம். தமிழில் சொல்லிப் பார்க்கும் என் வித்தையும் இங்கே பலிக்காது, ‘காலி’ என்றாலும் அதே கதைதான்.

அதனால் எங்கள் பிரிவில் அந்தச் சொல்லையே நிறுத்திவிட்டோம். ‘உள்ளே எரியும் ஆவி, தீ கொண்டுவராதீர்’ என்று நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் ஒட்டுகிறோம். வங்காளத்துக்கு ஸ்டிக்கரில் இடம் போதவில்லை. அதை டிரம் மூடியில் பெயின்டால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.