ஊசியை இழுத்துப் பார்த்தால்

சிங்கப்பூரில் ஓர் ஆய்வகத்தில் மென்திசுக்களை இழுத்தும் அழுத்தியும் விசையை அளப்பது என் வேலை. எங்கள் குழுவில் சீன மருத்துவம் முறையாகப் படித்த ஒருவர் சேர்ந்த பிறகு, அக்குபஞ்சர் ஊசியும் மேசைக்கு வந்தது.

ஊசியைச் செருகித் திருகும்போது உள்ளிருந்து ஏதோ அதைப் பற்றுவது மருத்துவரின் விரலுக்குத் தெரியும். இதை ‘தே சி’ என்பார்கள், அதாவது ‘சி’ என்று சீன மருத்துவம் சொல்லும் உயிராற்றல் வந்து சேர்வது. தூண்டில் இரையை மீன் விழுங்குவதுபோல என்கிறது பழைய சீன மருத்துவப் பாட்டு ஒன்று.

வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் ஹெலீன் லாஞ்சவின் குழு 2001-இல் இதை அளந்தே பார்த்துவிட்டது. 60 பேருக்கு ஊசி குத்தி, அதை வெளியே இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று கருவியால் கணக்கிட்டார்கள். ஒரே திசையில் திருகிய ஊசிக்கு, திருகாததைவிட 167% கூடுதல் விசை தேவைப்பட்டது. தோலுக்கடியில் உள்ள இணைப்புத்திசுவின் கொலாஜன் என்ற புரத இழைகள் ஊசியைச் சுற்றிக்கொள்வதுதான் காரணம் என்பது பிறகு எலித்திசுவில் தெரிந்தது. விரல் உணர்ந்தது கற்பனை இல்லை.

சரி, இங்கேதான் குத்த வேண்டும் என்று சீன மருத்துவம் குறிக்கும் புள்ளிகள்? 2 செ.மீ. தள்ளிக் குத்தினாலும் பிடிப்பு வருகிறது. புள்ளியில் 18% அதிகம், அவ்வளவுதான். 2007-இல் வெளியான ஜெர்மன் முதுகுவலி ஆய்வில் முறைப்படி குத்தப்பட்டவர்களில் 47.6% பேருக்குப் பலன். புள்ளிகளைத் தவிர்த்து மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2%. வழக்கமான சிகிச்சையில் 27.4%. புள்ளிக்குப் பெரிய பங்கில்லை என்று முதல் இரண்டு எண்களை நான் காட்டுவேன், ஊசியே பலன் தருகிறது என்று மூன்றாவதைச் சீன மருத்துவம் படித்தவர் காட்டுவார். மதியச் சாப்பாடு ஆறிவிடும்.

நிதி விண்ணப்பம் எழுதும்போதுதான் எரிச்சல் வரும். ‘சி’ என்பது மின்புலம், இன்னும் துணிந்தால் குவாண்டம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்ல எப்போதும் யாராவது இருப்பார். பெரும்பாலும் அவர் இயற்பியல் படித்தவர்! சீன மருத்துவம் படித்தவரோ அதை அடித்துவிட்டு, “எவ்வளவு ஆழம், எத்தனை சுற்று, அதை எழுதுங்கள்” என்பார். எனக்கு அவர் பக்கம்தான் பிடிக்கிறது.

இப்போதைய தலைவலி போலி ஊசி. ஒப்பிட்டுப் பார்க்க, திசுவை இழுக்காத ஊசி ஒன்று வேண்டும். ஊசி தடித்தால் இழைகள் சுற்றாமல் வழுக்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு தடித்த ஊசியைக் குத்திக்கொள்ள எந்தத் தன்னார்வலர் கையெழுத்துப் போடுவார்?